அசனத்தன்று

உப்பைப் பற்றிய கவலைதான் முதலில் வந்தது. மனைவியைப் பற்றிய கவலை அதற்குப் பின்னால் வந்தது. இரண்டும் வந்த வரிசையை ஞானசிகாமணியே கவனித்துவிட்டார். கவனித்ததும், யாரோ பார்த்துவிட்டதுபோல நாற்காலியில் நெளிந்தார். ஆபரேஷன் தியேட்டருக்கு எதிரே சுவரோரம் மூன்று இரும்பு நாற்காலிகள், நடுவில் இருந்ததில் அவர். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. ஒன்பது இருபதுக்கு நேசமலரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது பத்து ஐந்து. இந்நேரம் சாலோமியாபுரம் கோயில் வளாகத்தில் கிடாரங்கள் எல்லாம் அடுப்பில் ஏறியிருக்கும். வருஷத்தில் ஒரு நாள், சபையார் அத்தனை பேரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை இன்றைக்கு. மூவாயிரம் இலை, பன்னிரண்டு கிடாரம் ஆட்டுக்கறிக் குழம்பு. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த அந்தச் சேகரத்துக்கு அவர் குருவானவராக வந்து ஏழு வருஷம். ஏழு வருஷமும் ஒவ்வொரு கிடாரத்துக்கும் உப்பு அவர் கையால்தான் விழுந்தது. குருவானவர் உப்புப் போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வந்த முதல் வருஷம் யாரோ இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போட்டு நாலாவது கிடாரம் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. அன்றைக்கு வாங்கிக்கொண்ட வேலை. அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மைக் செட் வாடகை பேசுவது, ஞாயிறு பள்ளிப் பரிசுகளுக்குப் பெயர் எழுதுவது, கோயில் மணிக்குக் கயிறு மாற்றுவது, கல்லறைத் தோட்டத்துக் கேட்டின் சாவி. ஆண்டவரே, அவளைக் காப்பாற்றும் என்று மனசுக்குள் ஆரம்பித்தார். ஆரம்பித்த வாக்கியம் இரண்டாவது அடியிலேயே தடம் மாறி, ‘பந்தி சரியாகப் பன்னிரண்டரைக்குத் தொடங்கும், சபையார் அமைதி காக்கவும்’ என்று முடிந்தது. முப்பது வருஷம் மேடையில் நின்று ஜெபித்த வாய். இப்போது ஜெபம் கேட்டால் அறிவிப்பு வருகிறது.

சபை வேலையில் தனக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் தங்கப்பழத்துக்குக் காலையிலிருந்து பதினோரு தடவை போன் போட்டாயிற்று. பன்னிரண்டாவது தடவைக்கு விரல் தானாகப் போனது. “உபதேசியாரே, பெண்கள் பந்திக்குத் தனியா தண்ணி லாரி சொல்லியிருந்தேனே, வந்துட்டா?” “வந்துட்டுது ஐயா. அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?” “போயாச்சு, போயாச்சு. உப்பு யார் போடுதா?” அந்தப் பக்கம் கரண்டிச் சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. “ஐயா, நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதீங்க. இங்க நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க அம்மாவப் பாருங்க. சோறு பொங்கி வச்சு ஜெபிக்கணும், பெறவு பந்திக்கு ஆளு உக்கார வைக்கணும், காதுல போனை வச்சுக்கிட்டு ஒண்ணும் ஓட மாட்டேங்கு. நான் இதை அணைச்சு வச்சிருதேன். முடிஞ்சதும் நானே கூப்பிடுதேன்.” தங்கப்பழம் அவரைவிட நாலு வயது மூத்தவர். இருபத்தாறு வருஷமாக அதே ஊரில் உபதேசியார். இதுவரை ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. நாங்க பாத்துக்கிடுதோம். சாதாரணமாக ஆறுதலுக்குச் சொல்கிற அந்த வார்த்தை நெஞ்சில் போய் வேறு மாதிரி இறங்கியது. அப்படியென்றால் நான்? அவர்கள் பார்த்துக்கொண்டுவிட்டால், உப்பும் சரியாக விழுந்து, பந்தியும் சரியாக எழுந்துவிட்டால், ஏழு வருஷம் நான் அங்கே ஓடியது எதற்கு? கெட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கிடாரமாவது கெடட்டும். தோன்றியதும் உடம்பு கூசியது. உள்ளே வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வெளியே உட்கார்ந்து குழம்பு கெடவேண்டும் என்று நினைக்கிறாயே, நீ மனுஷனா. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையில் ஆஸ்பத்திரி சோப்பின் வாடை.

அவரிடம் யாராவது, ஏன் ஐயா எல்லாத்தையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கிடுதீங்க என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை வைத்திருந்தார். முதல் சேகரத்தில், கிறிஸ்துமஸ் பாட்டு பஜனைக்கு வேன் ஏற்பாட்டை வாலிபர் சங்கத்திடம் விட்டார். டிரைவர் கண்ணயர்ந்து வேன் வாய்க்காலில் சாய்ந்தது. ஒரு பெண்ணுக்குக் கால் எலும்பு முறிந்தது. ‘அன்றைக்கு முடிவெடுத்தேன், இனி ஒரு பொறுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கமாட்டேன்’ என்று சொல்லும்போது குரல் தானாகத் தழுதழுக்கும். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பெண்ணின் கால் ஆறே வாரத்தில் கூடிவிட்டது; அவள் கல்யாணத்தை அவரே நடத்தி வைத்தார்; நிமிர்ந்து நடந்துதான் கோயிலுக்குள் வந்தாள். இருபத்தைந்து வருஷமாக அந்தக் காலை முறிந்தது முறிந்தபடியே வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். உண்மையான காரணம் வேறு. காலையில் கேட்டைத் திறந்தால் நாலு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். ஐயா, இதை எங்க வைக்கணும்? ஐயா, யாரக் கேக்கணும்? ஐயா, நீங்க சொன்னாத்தான் ஆகும். அந்த ‘ஐயா’ காதில் விழுகிறபோது ஒரு இனிப்பு. காப்பி இல்லாமல் இருந்துவிடுவார், அது இல்லாமல் இருக்க முடியாது. இந்தத் தாழ்வாரத்தில் முக்கால் மணி நேரமாக ஒருவரும் அவரை ஐயா என்று கூப்பிடவில்லை. துடைப்பவள் வந்து, “காலைத் தூக்குங்க சார்” என்றாள். தூக்கினார். ஈரத் துணி நாற்காலிக்குக் கீழே போய் வந்தது.

மே மாசம் திருமண்டலத்திலிருந்து குருமார்களுக்கு மலைமேல் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்த அம்மா ஒரு தாளைக் கையில் கொடுத்து, நீங்கள் செய்கிற வேலைகளை எல்லாம் இடது பக்கம் எழுதுங்கள், அதை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று வலது பக்கம் பெயர் எழுதுங்கள் என்றார். அவர் நாற்பத்து மூன்று வேலை எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து அசந்துபோனார். அதில் ஒரு பெருமை. வலது பக்கம் ஒரு பெயரும் எழுதவில்லை. மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே கோடு இழுத்து ‘நானே’ என்று எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள், அந்த அம்மாகூடச் சிரித்தார். ஊருக்குத் திரும்பியதும் ‘பொறுப்பைப் பகிர்ந்தளித்தல்’ என்று சேகரக் கமிட்டிக்கு அவரே பாடம் எடுத்தார், குறிப்புகளை அவரே டைப் அடித்தார், நகல் எடுக்கக் கடைக்கும் அவரே போனார். பயிற்சி மூன்று நாளும் நேசமலர் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால் குப்புறப் படுத்திருந்தாள். “கீழ்வயித்துல கல்லு மாதிரி என்னமோ கெடக்கு” என்றாள். “இங்க போடுத சப்பாத்தி உனக்கு ஒத்துக்கிடலை. சுடுதண்ணி குடி” என்றார் அவர். சொல்லிவிட்டு அந்தத் தாளை அவளிடம் காட்டினார். நாற்பத்து மூன்று! அவள் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தாள். “நல்லா இருக்கு” என்றாள். எதைத் தேடிப் படித்தாள்? அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அந்தத் தாள் கண்முன்னால் வந்து நின்றது. இருபத்தேழாவது கல்லறைத் தோட்டம். முப்பத்தொன்று ஜெனரேட்டருக்கு டீசல். நாற்பத்து மூன்றில் எந்த எண்ணிலும் அவள் இல்லை. நல்லா இருக்கு. நல்லா இருக்கு. சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. மே, ஜூன், ஜூலை என்று விரலை மடக்கினார். அக்டோபர் வரை வந்து விரல் போதாமல் அடுத்த கைக்குப் போனது. மடக்கிய விரல்களை விரிக்கவே பயமாக இருந்தது.

கதவு திறந்தது. பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ், முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். கையில் கேஸ் ஷீட். “நேசமலர் அட்டெண்டர் நீங்கதான? அவங்களுக்கு ரத்தம் போகுது, ரத்தம் ஏத்தணும். இதுக்கு முன்னாடி எப்பவாவது ஏத்தியிருக்காங்களா? ஏத்தினப்ப ஏதாவது ஒத்துக்காம போச்சா? நீங்க எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு டிக் பண்ணியிருக்கீங்க. பழைய தழும்பு ஒண்ணு இருக்கு, அதான் டாக்டர் ஒரு தடவ நல்லாக் கேட்டுட்டு வரச் சொன்னார்.” அவர் எழுந்துவிட்டார். ஷீட்டைப் பார்த்தார். கட்டம் கட்டமாக ஒரே சீராக இறங்குகிற டிக்குகள், அவருடைய டிக்குகள். நேற்று சாயங்காலம் அந்தத் தாளை நர்ஸ் நேசமலரிடம்தான் கொடுத்தாள். அவள் பேனாவை எடுத்து இரண்டு வரிகூட எழுதவில்லை, “இங்க கொண்டா, உனக்கு எழுத்து கோணலா வரும்” என்று வாங்கிக்கொண்டார். ஒரு காதில் போன். அந்தப் பக்கம் பந்தல்காரன். நாற்பதடி நீளமா ஐம்பதடியா என்று பேசிக்கொண்டே மேலிருந்து கீழே இல்லை, இல்லை, இல்லை. அவள் படுக்கையிலிருந்து என்னமோ சொல்ல வந்தாள். கையை உயர்த்தி, பொறு என்று சைகை காட்டினார். “பிரசவத்துல… எங்க மக பொறந்தப்ப ஆபரேஷன்… ரத்தம்…” என்றார் இப்போது. “ஏத்துனாங்களா?” “ஏத்தியிருப்பாங்க.” “ஏத்தியிருப்பாங்கன்னா? ஏதும் அலர்ஜி வந்துதா?” ஷீட்டில் இருந்த டிக்குகளையே மறுபடி பார்த்தார். நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க அவங்க வீட்டுக்காரர்தான?” “ஆமா.” “தெரிஞ்சவங்க யாரையாவது உடனே கேட்டுச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல வர்றேன்.” கதவு மூடி, ஆடி, நின்றது.

தெரிஞ்சவங்க யாராவது. நேசமலரைத் தெரிஞ்சவங்க யாராவது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் போய்த் தேடினார். ரீத்தாள் பிறந்தபோது அவர் எங்கே இருந்தார்? கன்வென்ஷன். பந்தலில் ஐயாயிரம் பேர், அவர் அன்றைக்கு இளம் குருவானவர், கடைசி நாள் ஜெபம் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். என்ன ஜெபித்தோம் என்பது வார்த்தை வார்த்தையாக இப்போதும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நேசமலர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையில் கட்டு இருந்ததா? உடம்பில் தடிப்பு இருந்ததா? மாமியார் என்னமோ சொன்னார், ‘பிழைச்சதே ஆண்டவர் கிருபை’ என்று சொன்னார், எதிலிருந்து பிழைத்தது என்றும் சொல்லியிருப்பார், அதை அவர் கேட்கவில்லை. எப்படிக் கேட்டிருப்பார்? கன்வென்ஷனில் எத்தனை பேர் முழங்கால் போட்டார்கள் என்று அவர்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நினைவைத் தோண்டத் தோண்ட அவர் மட்டுமே வந்தார். அவர் நின்றது, அவர் பேசியது, அவர் சட்டை நிறம். கட்டிலில் கிடந்தவள் வெறும் முதுகாகவே இருந்தாள். மாமியார் போய்ப் பத்து வருஷம். பாக்கியத்தாயைக் கேட்கலாம். பாக்கியத்தாய்க்குத் தெரியும். சபை ஊழியக்காரி பாக்கியத்தாய், வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு ஜெபம் பண்ணுகிறவள், ஜூலையிலிருந்து நேசமலரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது அவள்தான். போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. பெண்கள் பந்தியில் நீங்கள் இருந்தே ஆகவேண்டும் என்று நேற்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்ததும் அவர்தான். இரைச்சலில் எங்கே கேட்கப் போகிறது. தங்கப்பழம்: அணைத்து வைக்கப்பட்டுள்ளது. அணைக்க வைத்தது யார், அதுவும் நான்தான். சேகரச் செயலாளர் எடுத்தார், “ஐயா, இங்க ஜெபம் நடந்துகிட்டு இருக்கு, ஒண்ணும் கேக்கல, பாக்கியத்தாயா? காலையில இருந்தே ஆளக் காணலையே ஐயா” என்றார். ஆளைக் காணவில்லை. ஆளைக் காணவில்லையா?

அஞ்சு நிமிஷம் என்றாளே. எத்தனை போயிற்று? போனில் அறுநூறு பேருடைய எண்கள் இருந்தன. மேலே கீழே தள்ளினார். இந்த அறுநூறு வீட்டிலும் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எந்தத் தேதியில் கல்யாண நாள், யார் வீட்டில் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் பட்டியல்கூட அவரிடம் உண்டு, வகை வாரியாக. ஒப்படைக்கத் தெரியாதவன் என்றல்லவா எல்லாரும் அவரைச் சொல்கிறார்கள், அவரும் அதைப் பெருமையாகவே சுமந்துகொண்டு அலைந்தார். பொய். ஒன்றை ஒப்படைத்திருக்கிறார். ஜூலையில் ஒரு நாள், கோயில் முகப்பில் பேராயர் வந்து நடத்துகிற திடப்படுத்தல் ஆராதனைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும்போது பாக்கியத்தாய் வந்து, “ஐயா, அம்மாவுக்கு மூணு மாசமா உதிரம் நிக்காம போகுது, டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுக்கணும்” என்றாள். அவர் நாற்காலி வரிசையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க” என்றார். எவ்வளவு லேசாக வந்தது அந்த வார்த்தை! எந்த வேன் கவிழும் என்ற பயமும் இல்லாமல், திரும்பக் கூப்பிட்டு விசாரிக்காமல், உப்புக்கு இருக்கிற அக்கறைகூட இல்லாமல். பயிற்சி கொடுத்த அம்மா பார்த்திருந்தால் இதுதான் முழு ஒப்படைப்பு என்று சொல்லியிருப்பார். ஆண்டவரே, அவளைத் தந்துவிடும். நான் ராஜினாமா எழுதித் தருகிறேன். பேரம் பேசுகிறேனோ? பேசுகிறேன், பேசத்தான் செய்வேன். கோயிலை எடுத்துக்கொள்ளும், அங்கியை எடுத்துக்கொள்ளும். இத்தனை வருஷம் உமக்காக ஓடினேன் என்று சொல்ல வந்தது; நாக்கு அதைச் சொல்லவில்லை. உமக்காகவா? இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்தது. மகளைக் கேட்கலாமா? ரீத்தாள் ராய்ச்சூரில் இருக்கிறாள், எட்டாம் மாசம், அம்மாவுக்கு ஆபரேஷன் என்றே அவளிடம் சொல்லவில்லை. தான் பிறந்த அன்றைக்கு நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மாக்கள் மகள்களிடம் சொல்வார்கள். சொல்லியிருப்பாள். ரீத்தாளின் பெயர்மேல் கட்டைவிரலை வைத்தார். அழுத்துவதற்குள் பெயர் நழுவிப் போய் வேறு யாரோ வந்தார்கள்.

“ஐயா.” தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வெள்ளைச் சேலையில் ஒரு பெண் கிட்டத்தட்ட ஓடி வந்தாள். பாக்கியத்தாய். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கசங்கல். “போன் பையில கெடந்துது, கூட்டத்துல எடுக்க முடியல. என்ன ஐயா, என்ன ஆச்சு?” அவருக்கு முழு வாக்கியம் வரவில்லை. ரத்தம் என்றார், முன்னாடி ஏத்தியது என்றார், கதவைக் காட்டினார். அதற்குள் கதவும் திறந்தது. பாக்கியத்தாய் நேராக நர்ஸிடம் போனாள். “ஏத்தியிருக்கு சிஸ்டர். பிரசவத்தப்ப ரெண்டு பாட்டில். ரெண்டாவது பாட்டில் ஏறும்போது உடம்பெல்லாம் தடிச்சு, நடுக்கம் வந்து, மூச்சு முட்டிப்போச்சாம். நிறுத்திட்டு ஊசி போட்டாங்களாம். அம்மாவே எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. பெறவு அந்தச் சல்ஃபா மாத்திரையும் அவங்களுக்குச் சேராது.” நர்ஸ் எழுதிக்கொண்டே, “இதை ஏன் நேத்தே சொல்லல?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பாக்கியத்தாய் மூச்சு வாங்கியபடி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பஸ்ஸை ஒரு நிறுத்தத்தில் இன்னும் பத்து நிமிஷம் போட்டிருந்தால்? நான் சொன்னபடி இந்த மனுஷி பந்தியிலேயே நின்றிருந்தால்? நல்லவேளை என் பேச்சைக் கேட்கவில்லை. நல்லவேளை.

“பெண்கள் பந்தி?” என்று கேட்டுவிட்டார். பழக்கம் கேட்டது. பாக்கியத்தாய் கோபப்படவில்லை. “யூனிஸ்கிட்டயும் அவ கொழுந்திகிட்டயும் கொடுத்துட்டு வந்தேன். அவங்களுக்கு என்ன, கையா இல்ல?” என்றாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி, “ஐயா, உங்ககிட்ட நான் ஆறு தடவ சொன்னேன்” என்றாள். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை, கணக்குச் சொல்கிற குரல். “அப்படியா” என்றார். ஒன்றுதான் அவருக்கு நினைவிருந்தது. மற்ற ஐந்து எங்கே போயின? எந்த நாற்காலி வரிசைக்குள், எந்த டீசல் கேனுக்குள்? “அவ எங்கிட்ட ஏன் நேரா சொல்லல?” என்றார். “சொன்னாங்களே. நீங்க சாப்பிடும்போது சொன்னா போன் வரும், படுக்கும்போது சொன்னா தூங்கிருவீங்களாம். ஒரு நாள் கோயில் நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டிரட்டுமா அக்கான்னு கேட்டுச் சிரிச்சாங்க.” சிரித்தாளாம். பாக்கியத்தாயும் அதைச் சொல்லி லேசாகச் சிரித்தாள், உடனே அழுதாள். அவர் அழவில்லை. நேசமலருக்கு நோட்டீஸ் போர்டு என்று சொல்லிச் சிரிக்கத் தெரியும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. கல்யாணமான புதிதில் அப்படிப் பேசுவாள். யார் மாதிரியாவது பேசிக் காட்டுவாள், பேராயர் மாதிரிகூட. எப்போது நிறுத்தினாள்? நிறுத்தவில்லை, பாக்கியத்தாயிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு வீட்டின் பின்வாசலில், அவர் முன்வாசலில் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. உள்ளே ஏறுகிற ரத்தத்தை நினைத்தார். சொட்டு சொட்டாக. தடிக்கக்கூடாது, நடுங்கக்கூடாது. தடிக்கக்கூடாது. வேறு வார்த்தை வரவில்லை. அதுவே ஜெபமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒன்றே காலுக்குப் போன் வந்தது. தங்கப்பழம். “ஐயா, நல்லபடியா முடிஞ்சுது. எல்லாரும் சாப்பிட்டாச்சு. மூணாவது கிடாரத்துல மட்டும் உறைப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, மத்தபடி ஒரு குறையும் இல்ல. இலை போட்டு வச்சுக்கிட்டு, அம்மாவுக்காக எல்லாருமா ஜெபிச்சுட்டுத்தான் கை வச்சோம்.” இந்தச் செய்திக்காகத்தான் காலையிலிருந்து பன்னிரண்டு தடவை கூப்பிட்டார். இப்போது அது எங்கேயோ தூரத்து ஊரில் யாருக்கோ நடந்த விசேஷம்போலக் கேட்டது. “சந்தோஷம் உபதேசியாரே” என்றார். “உப்பு…” என்று தங்கப்பழமே எடுத்தார். “நீங்க போட்டது நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிப் போனை வைத்தார் ஞானசிகாமணி. வைத்த பிறகுதான், யார் போட்டது என்று கேட்கவில்லையே என்பது உறைத்தது. கேட்கத் தோன்றாமலே போயிற்று.

டாக்டர் வெளியே வந்தபோது ஒன்றே முக்கால். தலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டே, கட்டியை எடுத்துவிட்டதாகவும், கர்ப்பப்பையையும் எடுக்கவேண்டி வந்ததாகவும், ரத்தம் ஏற்றுவதற்கு முன்னாலேயே ஊசி போட்டுவிட்டதால் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். “சதையை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். பத்து நாளாகும். பக்கத்துல கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது.” அவர் போக எடுத்த காலை நிறுத்தி, “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்” என்றார். எல்லாரிடமும் சொல்கிற சொல்லாக இருக்கலாம். ஞானசிகாமணி தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார், டாக்டர் தாழ்வாரம் திரும்பிப் போன பிறகும். பத்து நாள். பக்கத்தில் ஒட்டியிருந்தது. பாக்கியத்தாய் “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றாள். அவருக்கு அந்த வார்த்தை வாயருகே வந்து நின்றது. அதைச் சொல்லும் உரிமை தனக்கு இன்றைக்கு இல்லை என்று பட்டது.

மூன்று மணிக்கு மேல் நேசமலரை அதே தாழ்வாரத்தில் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். கதவில் காவலுக்கு ஒருவன். ஒரு பேஷண்டுக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு ஆள். சீட்டு ஞானசிகாமணியின் கையில் இருந்தது. சட்டையைச் சரி செய்துகொண்டு எழுந்தார். உள்ளே போனதும் என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்பதா? மயக்கத்தில் இருக்கிறவளிடம் போய் மன்னிப்புக் கேட்டு அதையும் அவள் தலையில் ஏற்றுவதா? கையைப் பிடித்துக்கொள்ளலாம். எந்தக் கையில் ஊசி போட்டிருக்கிறார்களோ. அப்போது அந்த நர்ஸே கதவிடுக்கில் தலையை நீட்டினாள். “முழிச்சுட்டாங்க. அக்கா எங்க, அக்கா எங்கன்னு கேக்காங்க. யாரு அக்கா?” பாக்கியத்தாய் எழுந்தவள், அவரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காரப் போனாள். “நீங்க போங்க ஐயா. நான் பெறவு பாத்துக்கிடுதேன்.” சீட்டு வியர்வையில் நனைந்து விரலோடு ஒட்டியிருந்தது. போகலாம். போனால் அவள் கண்ணைத் திறந்து அக்காவைத் தேடுவாள், இவர் நிற்பார். போகாவிட்டால்? போகாவிட்டால் ஜூலையில் செய்ததையே மறுபடி செய்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. எது சரி? முப்பது வருஷம் எல்லாருக்கும் எது சரி என்று சொன்னவருக்கு, இரண்டடி தூரத்தில் இருந்த கதவைப் பார்த்து எது சரி என்று தெரியவில்லை. அவள் கேட்கிறாள். அது மட்டும் தெரிந்தது. இன்றைக்கு, கேட்பது அவள். சீட்டைப் பாக்கியத்தாயிடம் நீட்டினார்.

“ரெண்டு பேரும் போகலாமா தம்பி?” என்று பாக்கியத்தாய் காவலாளியைக் கேட்டாள். அவன் முடியாது என்று தலையசைத்தான். அவள் கதவுக்குள் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். “உங்கள எங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும் ஐயா?” கேட்பாளா? கேட்பாள் என்று இந்த மனுஷி நம்புகிறாளே. அவர் வாயைத் திறந்தார். மேடையில் நின்றால் அரை மணி நேரம் நிறுத்தாமல் வரும். இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் எங்கிருந்தோ தோண்டி எடுக்கவேண்டியிருந்தது.

“கதவுக்கு வெளிய இருக்கேன்னு சொல்லுங்க” என்றார். “எங்கயும் போகலைன்னு சொல்லுங்க.”

கதவு மூடியது. உட்காருவதற்கு இப்போது மூன்று நாற்காலிகளும் காலியாக இருந்தன. அவர் கதவோடு ஒட்டி, உள்ளே இருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்துக்கொண்டு, நின்றார்.